டிக்கெட் போடுவதற்கு முன் ஐ-94ஐ எடுத்துப் பாருங்கள்

"தேதி முடிஞ்சுபோச்சா? ஒண்ணும் கவலப்படாத மச்சான், வீட்டுக்காரம்மாவ ஊருக்கு அனுப்பி புதுசா ஸ்டாம்பிங் போட்டுக் கூட்டிட்டு வந்துடு." அமெரிக்காவில் இருக்கும் நம்மவர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் நல்ல மனசோடு சொல்லப்படுகிற யோசனை இது (ஸ்டாம்பிங் என்றால் தூதரகத்தில் பாஸ்போர்ட்டில் புது விசா ஒட்டி வாங்குவது). கணவன் மனைவியை ஆண்டுக்கணக்கில் பிரித்து வைப்பதும் இதுதான். ஓவர்ஸ்டேவுக்கான, அதாவது கெடு தாண்டித் தங்கியதற்கான 3 ஆண்டு, 10 ஆண்டுத் தடை உள்ளே இருக்கும்வரை விழாது. விமானம் ஏறிக் கிளம்பும் அன்றுதான் விழும்.

1996இல் கொண்டுவந்து 1997 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள சட்டம் இது. ஒரே தங்கலில் கெடு முடிந்தபின் 180 நாளைத் தாண்டி, ஓராண்டு நிறைவதற்குள் தானாக வெளியேறினால் 3 ஆண்டு உள்ளே வர முடியாது. அப்படி ஓராண்டோ அதற்கு மேலோ தங்கிவிட்டு வெளியேறினால் 10 ஆண்டு. ஆக, தப்பைச் சரிசெய்யலாம் என்று கிளம்புகிறவருக்குத்தான் அடி விழுகிறது, அசையாமல் உட்கார்ந்திருப்பவர் தப்பிக்கிறார். இப்படி ஒரு கோணல் சட்டத்தை வைத்துக்கொண்டு "ஏன் எல்லாரும் ஒளிந்து வாழ்கிறார்கள்" என்று கேட்பது வேடிக்கை.

நாள் கணக்கு எங்கே தொடங்குகிறது என்பதில்தான் பலரும் சறுக்குகிறார்கள். பாஸ்போர்ட்டில் ஒட்டிய விசா நுழைவதற்கான அனுமதி மட்டுமே. தங்குவதற்கான கெடு, நுழையும்போது பதிவாகும் ஐ-94இல் இருக்கும் தேதி. அது மார்ச் 31 என்றால் ஏப்ரல் 1 முதல் நாள். ஹெச்-1பி (வேலை விசா) குடும்பங்களில் இது வேறு மாதிரி கழுத்தை அறுக்கும். ஹெச்-1பி ஒப்புதல் மூன்று ஆண்டுக்கு இருக்கும், ஆனால் மனைவியின் பாஸ்போர்ட் எட்டு மாதத்தில் காலாவதி ஆகிறது என்றால், விமான நிலைய அதிகாரி அவருக்கு அந்த எட்டு மாதத்துக்கு மட்டும் ஐ-94 கொடுத்துவிடுவார். பாஸ்போர்ட்டைப் புதுப்பித்தால் ஐ-94 தானாக நீளாது. இன்னொரு வழக்கமான சறுக்கல்: கணவரின் நீட்டிப்பைக் கம்பெனி வக்கீல் போட்டுவிடுவார், மனைவியின் ஹெச்-4க்கு (துணைவருக்கான விசா) தனியாகப் போடவேண்டிய நீட்டிப்பு விண்ணப்பமான ஐ-539ஐ யாரும் போடமாட்டார்கள். கணவரின் ஒப்புதல் மனைவியைக் காப்பாற்றாது. அவருக்கு அவர் ஐ-94தான்.

கெடு முடிவதற்குள் ஐ-539 போட்டிருந்தால், அது நிலுவையில் இருக்கும்வரை நாள் ஏறாது. நிராகரித்தால் மறுநாளிலிருந்து ஏறும். எஃப்-1 மாணவர்களின் ஐ-94இல் தேதிக்குப் பதிலாக 'டி/எஸ்' (மாணவர் நிலை நீடிக்கும்வரை) என்று இருந்தால் கணக்கே வேறு. குடிவரவுத் துறையோ நீதிபதியோ முறைப்படி தீர்ப்புச் சொல்லும்வரை இந்த நாட்கள் சேராது. ஸ்டேட்டஸ் (சட்டப்படி தங்கும் நிலை) போவது ஒன்று, சட்டவிரோதத் தங்கல் நாள் ஏறுவது இன்னொன்று. இரண்டையும் ஒன்றாக நினைத்துப் பீதியில் கிளம்புகிறவர்களும் உண்டு.

சரி, எண்ணிப் பார்த்தாயிற்று. 180ஐத் தாண்டவில்லையா? அப்போது மச்சான் சொன்ன யோசனை சரிதான். உடனே கிளம்பலாம். பழைய விசா செல்லாது, புது ஸ்டாம்பிங் சொந்த நாட்டில்தான் எடுக்கவேண்டும். ஆனால் தடை இல்லை. 181ஆம் நாள் ஆகிவிட்டதா? டிக்கெட் போடாதீர்கள். தாமதத்துக்கு நம் கையில் இல்லாத வலுவான காரணம் இருந்தால், உள்ளே இருந்தபடியே ஐ-539ஐத் தாமதமாகப் போட்டு, பழைய தேதியிலிருந்தே ஏற்கும்படி கேட்க வழியுண்டு. ஏற்பதும் மறுப்பதும் குடிவரவுத் துறையின் விருப்பம். ஆனால் கேட்காமல் கிளம்பினால் அந்த வழி அடைபட்டுவிடும்.

கணவனோ மனைவியோ அமெரிக்கக் குடிமகனாக இருந்தால் நிலைமை தலைகீழ். முறையாக விசாவில் நுழைந்து ஓவர்ஸ்டே ஆனவர், குடிமகனின் துணைவர் என்ற முறையில், நாட்டை விட்டு வெளியேறாமலே ஐ-485 போட்டு கிரீன் கார்டு வாங்கலாம். ஓவர்ஸ்டே எத்தனை ஆண்டானாலும் அது மட்டும் தடையாகாது. வெய்வர் (தடைக்கான மன்னிப்பு) தேவையில்லை. இதே ஆள் "பாட்டிக்கு உடம்பு சரியில்லை" என்று நடுவில் ஒரு வாரம் மதுரை போய்வர நினைத்தால், பத்து ஆண்டு மதுரையிலேயே இருக்க நேரலாம். அட்வான்ஸ் பரோல் (போய்த் திரும்ப முன்கூட்டியே தரும் அனுமதி) வாங்கிக்கொண்டு போனால் அது வெளியேறியதாகாது என்று குடிவரவு மேல்முறையீட்டு வாரியம் 2012இல், ஓர் இந்தியத் தம்பதி வழக்கில்தான், தீர்ப்பளித்தது. ஆனாலும் திரும்பும்போது உள்ளே விடுவது அதிகாரி கையில். உயிர் போகிற அவசரம் இல்லையென்றால் சோதித்துப் பார்க்கவேண்டாம் என்பதே என் கருத்து. இன்னொன்று, இந்தச் சலுகை குடிமகனின் துணை போன்ற நெருங்கிய உறவுகளுக்குத்தான். கிரீன் கார்டு வைத்திருப்பவரின் துணைக்குக் கிடையாது.

துணை குடிமகனாகவோ கிரீன் கார்டுதாரராகவோ இருந்தும், ஏற்கெனவே ஊருக்கு வந்து மாட்டிக்கொண்டவர்களுக்கு: ஐ-130 (உறவினர் மனு) ஒப்புதல், டிஎஸ்-260 (குடியேற்ற விசா விண்ணப்பம்), நம்மூர்க்காரர்களுக்குப் பெரும்பாலும் மும்பையில் நேர்காணல், அங்கே மறுப்புச் சீட்டு, அதன் பிறகு ஐ-601 வெய்வர். 2024 ஏப்ரல் கட்டண மாற்றத்தில் இதற்கு 1,050 டாலர் என்று வைத்தார்கள். முடிவு வர ஓராண்டுக்கு மேல் ஆவது சாதாரணம். 2013இல் வந்த ஐ-601ஏ, கிளம்பும் முன்பே மன்னிப்பு வாங்கிக்கொள்ள உதவுவது. உள்ளே இருந்தால்தான் போடமுடியும். வெளியே வந்தபின் அதைப் பற்றிப் பேசி லாபமில்லை.

வெய்வர் தோற்பது பெரும்பாலும் ஒரே இடத்தில்தான். குடிமகனோ கிரீன் கார்டுதாரரோ ஆன துணைவருக்கு அல்லது பெற்றோருக்கு 'கடும் இன்னல்' நேரும் என்று காட்டவேண்டும். விண்ணப்பிப்பவர் படும் பாடு கணக்கில் வராது, பிள்ளைகளின் பாடும் நேரடியாக வராது. "குழந்தை அம்மாவைத் தேடி அழுகிறது" என்று பத்துப் பக்கம் எழுதினால் பயனில்லை. ஆட்டிசம் உள்ள பிள்ளையைத் தெரப்பிக்கு வாரம் எத்தனை தடவை கூட்டிப்போகிறார், அதனால் எத்தனை ஷிஃப்ட் போனது, அந்தச் சம்பள இழப்பில் வீட்டுக்கடன் எத்தனை மாதம் பாக்கி என்று கணவரின் கழுத்தை நெரிக்கிற கணக்காக எழுதவேண்டும். மருத்துவர் கடிதத்தில் நோயின் பெயர், மருந்து, கூட ஆள் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பது இருக்கவேண்டும். கணவர் இந்தியாவுக்கே வந்து வாழ்ந்தால் என்ன என்ற கேள்விக்கும் பதில் வேண்டும். முந்தைய திருமணத்துப் பிள்ளையின் பராமரிப்பு உத்தரவு, இந்தியாவில் செல்லாத தொழில் உரிமம் போன்றவை அங்கே கைகொடுக்கும்.

ஹெச்-1பி கணவருக்கு இந்த வெய்வர் உதவாது, அவர் குடிமகனும் இல்லை, கிரீன் கார்டுதாரரும் இல்லை. ஆனால் ஹெச்-4க்கு வேறு கதவு உண்டு. தூதரக அதிகாரியிடம் தற்காலிக விசாவுக்கான வெய்வரைப் பரிந்துரைக்கச் சொல்லிக் கேட்கலாம். தனிப் படிவம் இல்லை, தனிக் கட்டணமும் இல்லை. தவறு எவ்வளவு பெரியது, ஆளால் சமூகத்துக்கு ஆபத்து உண்டா, வரவேண்டிய காரணம் என்ன என்று மூன்றைத்தான் எடைபோடுவார்கள். ஐ-94ஐக் கவனிக்காத குடும்பத்தலைவிக்கு இந்த மூன்றும் சாதகமானவை. பலருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

எல்லாவற்றையும் கெடுப்பது தற்காலிக விசா விண்ணப்பமான டிஎஸ்-160இல் "இதற்கு முன் கெடு தாண்டித் தங்கியதுண்டா" என்ற கேள்விக்கு 'இல்லை' போடச் சொல்லும் ஏஜென்ட்டுகள். விமான நிறுவனம் அனுப்பிய பயணப் பதிவு தூதரக அதிகாரியின் திரையில் ஏற்கெனவே இருக்கிறது. 3 ஆண்டில் முடிந்திருக்கவேண்டியது, பொய் சொன்ன குற்றத்துக்காக ஆயுள் தடை ஆகிவிடும். மொத்தம் ஓராண்டுக்கு மேல் சட்டவிரோதமாகத் தங்கிக் கிளம்பியவர் எல்லை தாண்டித் திருட்டுத்தனமாக நுழைந்தால் அதுவும் நிரந்தரத் தடைதான். பத்து ஆண்டு வெளியே இருந்த பிறகே அனுமதி கேட்டு மனுப் போட முடியும்.

2025இல் அமெரிக்க எல்லைப் பாதுகாப்புத் துறையின் 'சிபிபி ஹோம்' செயலி வழியாகத் தானே வெளியேறினால் ஆயிரம் டாலரும் விமான டிக்கெட்டும் என்று அறிவித்தார்கள். டிக்கெட் இலவசம், தடை அப்படியே. அந்தச் செயலியைத் திறக்கும் முன் 180ஐயும் 365ஐயும் எண்ணிவிடுங்கள்.

எப்படிக் கிளம்பினாலும் போர்டிங் பாஸைத் தூக்கிப் போடாதீர்கள். அமெரிக்கா வெளியேறும்போது முத்திரை குத்துவதில்லை. சென்னையில் இறங்கியதும் பாஸ்போர்ட்டில் விழும் முத்திரை தெளிவாக இருக்கிறதா என்று கவுண்டரை விட்டு நகரும் முன்பே பாருங்கள். அமெரிக்கப் பதிவில் கோளாறு இருந்தால், பத்து ஆண்டு எந்த நாளில் தொடங்கியது என்று காட்ட உங்கள் கையில் இருப்பவை இந்த இரண்டும்தான்.