ஆஸ்போர்ன் கம்பெனி தன் வாயால்தான் கெட்டதா?

"அடுத்த மாடலைப் பற்றி முதலாளி முன்கூட்டியே உளறினார், இருக்கிற மாடலை வாங்க ஆளில்லை, கம்பெனி திவால்." அமெரிக்காவின் ஆஸ்போர்ன் கம்ப்யூட்டர் பற்றி இப்படி ஒரு கதை சுற்றுகிறது. நுணலும் தன் வாயால் கெடும் என்று முடிக்க வசதியான கதை. ஆனால் பாதிதான் உண்மை.

நிறுவனர் ஆடம் ஆஸ்போர்ன் சிறுவயதில் திருவண்ணாமலையில் வளர்ந்தவர். அவருடைய ஆஸ்போர்ன் 1 கம்ப்யூட்டர் 1981 ஏப்ரலில் வந்தது. கையில் தூக்கிச் செல்லலாம் என்றார்கள். எடை சுமார் 11 கிலோ, தோள் தாங்கினால் சரி! திரையோ வெறும் 5 அங்குலம். ஆனாலும் 1,795 டாலருக்கு வேர்ட்ஸ்டார் (எழுத), சூப்பர்கால்க் (கணக்குப் போட) மென்பொருள்கள் எல்லாம் கூடவே கிடைத்ததால் அமோகமாக விற்றது.

1983இல் எக்ஸிக்யூட்டிவ் என்ற புது மாடலைப் பற்றிய பேச்சு கிளம்பியதும் விற்பனை அடி வாங்கியது நிஜம். ஆனால் அதற்கு முன்பே, 1982இல், போட்டிக் கம்ப்யூட்டரான கேப்ரோ அதே 1,795 டாலருக்கு 9 அங்குலத் திரையோடு சந்தைக்கு வந்துவிட்டது. அப்புறம் ஐபிஎம் கம்ப்யூட்டருக்கான மென்பொருள்களை ஓட்டும் இன்னொரு போட்டியாளர், காம்பேக். எக்ஸிக்யூட்டிவின் விலையோ 2,495 டாலர்.

இன்னொன்று, உள்ளே இருந்தவர்கள் பின்னாளில் சொன்னது: கிடங்கில் மிஞ்சிய சுமார் 1.5 லட்சம் டாலர் பெறுமான மதர்போர்டுகளை (கம்ப்யூட்டரின் முதன்மைச் சுற்றுப்பலகைகளை) வீணாக்க மனமில்லாமல், அவற்றை முழுக் கம்ப்யூட்டராக்க ஏறக்குறைய 20 லட்சம் டாலரைக் கொட்டினார்களாம். சுண்டைக்காய் கால்பணம், சுமைகூலி முக்கால்பணம். 1983 செப்டம்பரில் திவால் மனு போட்டார்கள்.