பதவியேற்கும் முன்பே விழுந்த குண்டு

சிலியில் இடதுசாரி அதிபர் அலெண்டேயின் ஆட்சியை ராணுவம் கவிழ்த்த 1973 கவிழ்ப்பைப் பற்றிப் பேச்செடுத்தால் போதும், யாராவது ஒருவர் தவறாமல் சொல்வார்: "விலைவாசி தலைக்கு மேல் போய்விட்டது, கடையில் சாமான் இல்லை, லாரிகள் ஓடவில்லை. அலெண்டே தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டார். இதில் அமெரிக்காவை ஏன் இழுக்கிறீர்கள்?"

சரி, சிலியின் ஜெனரல் ரெனே ஷ்னைடர் 1970இலேயே ஏன் செத்தார்?

சல்வடோர் அலெண்டே தேர்தலில் முதலிடம் பெற்றது 1970 செப்டம்பர் 4. பதவியேற்றது நவம்பர் 3. அவரை எப்படியாவது தடுக்க வேண்டும் என்று அமெரிக்க அதிபர் நிக்சன் தன் நாட்டு உளவு அமைப்பான சிஐஏவின் தலைவர் ஹெல்ம்ஸை அழைத்து உத்தரவிட்டது இடையில், செப்டம்பர் 15 அன்று. ஹெல்ம்ஸ் கைப்பட எழுதிய குறிப்பு இன்றும் இருக்கிறது: ஒரு கோடி டாலர், தேவைப்பட்டால் இன்னும், தூதரகத்துக்குத் தொடர்பு கூடாது, பொருளாதாரத்தை அலற வைக்க வேண்டும். அப்போது அலெண்டே ஒரு கோப்பில்கூடக் கையெழுத்திட்டிருக்கவில்லை. அமெரிக்க நிறுவனங்கள் நடத்திவந்த செம்புச் சுரங்கங்கள் நாட்டுடைமையானது 1971 ஜூலையில்தான். அதுவும் வலதுசாரிகள் உட்பட நாடாளுமன்றமே ஒருமனதாக நிறைவேற்றியது.

ராணுவத் தளபதி ஷ்னைடர் இடதுசாரி அல்லர். அரசியல் சட்டப்படி யார் வந்தாலும் ராணுவம் குறுக்கே நிற்காது என்றார். அவ்வளவுதான் அவர் செய்த குற்றம். அக்டோபர் 22 காலை சாண்டியாகோவில் அவருடைய காரை மறித்துக் கண்ணாடியை உடைத்தார்கள். கடத்துவதுதான் திட்டம், அவர் துப்பாக்கியை எடுக்க, சுட்டுவிட்டார்கள். மூன்றாம் நாள் இறந்தார். தாக்குதல் நடந்த அன்று விடிவதற்குள் சிலி ராணுவ அதிகாரிகள் சிலரிடம் மூன்று இயந்திரத் துப்பாக்கிகளைச் சிஐஏ ஒப்படைத்திருந்தது. சுட்டது வேறு குழு, உண்மைதான். ஆனால் அந்தக் குழுவோடும் சிஐஏவுக்குப் பழக்கம் உண்டு; பிறகு அந்தக் குழுவுக்கு 35,000 டாலர் கொடுத்தார்கள். அதற்குச் சொன்ன காரணங்களில் ஒன்று மனிதாபிமானம்! மனம் இளகியவர்கள்தான்.

அலெண்டே அரசு நோட்டை அச்சடித்துத் தள்ளியதையோ, பற்றாக்குறையையோ நான் மறுக்கவில்லை. 1973 கவிழ்ப்பில் அமெரிக்கா நேரடியாக இறங்கியதற்கு 1975இல் விசாரித்த அமெரிக்க செனட் குழுவுக்கு ஆதாரம் சிக்கவில்லை என்பதும் உண்மை. ஆனால் அதற்கு முந்தைய மூன்றாண்டுகளில் ரகசியமாகக் கொட்டிய சுமார் 80 லட்சம் டாலர், அலெண்டேயை எதிர்த்த 'எல் மெர்குரியோ' நாளிதழுக்குப் போன பணம் எல்லாம் அதே குழுவின் அறிக்கையில்தான் இருக்கின்றன. சிலி அரசுக்குக் கடன் வரும் வழிகளை அடைத்தவர்கள், சிலி ராணுவத்துக்கான உதவியை மட்டும் நிறுத்தவே இல்லை.

அலெண்டே மாண்ட ஐந்தாம் நாள் நிக்சனிடம் அவருடைய பாதுகாப்பு ஆலோசகர் கிஸ்ஸிங்கர் தொலைபேசியில் சொன்னதும் பதிவாகியிருக்கிறது: நாம் செய்யவில்லை, அவர்களுக்கு உதவினோம், முடிந்தவரை சூழலை உருவாக்கிக் கொடுத்தோம்.