'எந்த மெஷ் சாஃப்ட்வேர் நல்லது?'னு இனி எவனாவது கேட்டா...

மறுபடியும் அதே கேள்வி. "அண்ணா, முப்பந்தல் காத்தாடிக்கு சிஎஃப்டி பண்ணணும், எந்த மெஷிங் சாஃப்ட்வேர் நல்லது?" சிஎஃப்டின்னா காத்தோட்டத்தைக் கம்ப்யூட்டர்ல கணக்குப் போடுறது; அதுக்காக இடத்தைச் சின்னச் சின்ன கட்டமா (செல்லா) வெட்டுறதுதான் மெஷ். எலேய் மக்கா, மின்சாரக் காத்தாடியோட பிளேடுக்கா, அது நிக்கிற ஆரல்வாய்மொழி கணவாய்க்கா? சால்வர், அதாவது கணக்குப் போடுற மென்பொருள், எது? சுவர் ஓரத்துல காத்து மெதுவாகறதை வால் ஃபங்ஷன்னு ஒரு சூத்திரத்தால சமாளிக்கப் போறியா, இல்ல ஒய் பிளஸ் (சுவர்ல இருந்து முதல் செல் இருக்குற தூரத்தோட அலகில்லா அளவு) 1 வரைக்கும் இறங்கப் போறியா? ஒண்ணுக்கும் பதில் கிடையாது. டவுன்லோடு மட்டும் பாதி முடிஞ்சிருக்கும்.

கணவாய்னா முதல்ல உயரத் தரவைப் பாரு. சும்மா கிடைக்குற எஸ்ஆர்டிஎம் (விண்கலத்துல இருந்து ரேடார் அளந்த நில உயரம்) தரவுல சுமார் 30 மீட்டருக்கு ஒரு புள்ளிதான். அதுமேல 2 மீட்டர் செல் போட்டா மலை துல்லியமாயிருமா? நடுவுல இல்லாத பாறை எங்கிருந்து வரும்? 10 கிலோமீட்டர் சதுரம், 30 மீட்டர் செல், மேல 40 அடுக்குன்னா சுமார் 44 லட்சம் செல். ஓப்பன்ஃபோம்ங்கிற இலவச சால்வருக்கு 10 லட்சம் செல்லுக்கு ஏறத்தாழ 1 ஜிபி ராம் வச்சுக்க. 16 ஜிபி லேப்டாப்பே தாங்கும். அதையே 2 மீட்டர்ல போட்டா 100 கோடி செல். சவத்த, எங்க வச்சு ஓட்டுவ?

இந்த வேலைக்கு தரையை அப்படியே மேல இழுத்து எடுத்த ஹெக்ஸா (ஆறு முக செல்) மெஷ் போதும். தரையில ஒய் பிளஸ் தேடாத. ஃப்ளூயன்ட்ங்கிற இன்னொரு சால்வர்ல கரடு மாறிலியை (தரையோட சொரசொரப்புக்கான எண்) 0.5-லயே விட்டா, மணல் உயரம் (அதே சொரசொரப்பை மணல் துகள் உயரமா சொல்றது) வானிலைக்காரங்க சொல்ற கரடு நீளத்தைப்போல கிட்டத்தட்ட 20 மடங்கு வரும். கரடு நீளம் 0.1 மீட்டர்னா மணல் உயரம் 2 மீட்டர். முதல் செல்லோட மையம் அதுக்கு மேல இருக்கணும், அப்போ செல் உயரம் 4 மீட்டருக்குக் குறையக் கூடாது. இவன் என்னடான்னா மலைச்சரிவுல மில்லிமீட்டர் அடுக்கு ஒட்டிக்கிட்டிருக்கான்.

பிளேடுன்னா கதை நேர்மாறு. அகலம் 1 மீட்டர், காத்து 50 மீட்டர்/விநாடின்னா ஒய் பிளஸ் 1-க்கு முதல் செல்லோட மையம் சுமார் 0.008 மில்லிமீட்டர்ல நிக்கணும். வெளியே 4 மில்லிமீட்டர் செல்லு, ஒவ்வொரு அடுக்கும் முந்தினதைப்போல 1.2 மடங்குன்னா நடுவுல சுமார் 30 அடுக்கு வேணும். பிளேடோட பின்விளிம்புல ஸ்னாப்பிஹெக்ஸ்மெஷ் (ஓப்பன்ஃபோமோட மெஷ் கருவி) 30 அடுக்கு ஒழுங்கா போடும்னு நம்புறவனுக்கு கும்பிடு. அங்கே அடுக்கு இடிஞ்சு விழும். லாக் கடைசியில எத்தனை சதவீதம் தடிமன் வந்திருக்குன்னு அதுவே எழுதியிருக்கும், எவனும் படிக்க மாட்டான். வால் ஃபங்ஷனோட ஒய் பிளஸ் 30-ன்னா 11, 12 அடுக்குல முடியும். 1 தான் வேணும்னு அடம்பிடிச்சா பிளேடைச் சுத்தி பிளாக் போட்டு ஸ்ட்ரக்சர்டு (வரிசையா அடுக்கின) மெஷ் எடு. கை வலிக்கும், வேற வழி இல்ல.

இதுக்கு நடுவுல பிளேடோட வடிவம் இருக்குற எஸ்டிஎல் கோப்பு மில்லிமீட்டர்ல இருக்கும், ஓப்பன்ஃபோம் மீட்டர்ல வாசிக்கும். 40 மீட்டர் பிளேடு 40 கிலோமீட்டர் ஆயிரும். அப்பவும் திட்டு சாஃப்ட்வேருக்குத்தான்.

அடுத்தவன், "ஜிமெஷ் மெஷ் ஓப்பன்ஃபோம்ல ஏறல, அது குப்பை". ஜிமெஷ்ங்கிறது இன்னொரு இலவச மெஷ் சாஃப்ட்வேர், குப்பை இல்லவே. ஜிமெஷ் இப்போ தானா சேமிக்கிறது 4.1 கோப்பு வடிவம், அதை ஓப்பன்ஃபோமுக்கு மாத்துற கருவி சில பதிப்புல பழைய 2.2-ஐத்தான் படிக்கும். சேமிக்கிறப்ப வடிவத்தை மாத்து. பரப்புக்கெல்லாம் ஃபிசிக்கல் குரூப் பேரு (எது சுவர், எது வாசல்னு அடையாளம்) வச்சுட்டு வால்யூமுக்கு வைக்காம விட்டா, உள்ளே இருக்குற செல் ஒண்ணுகூட கோப்புல வராது. வந்த பொறவும் எல்லா எல்லையும் 'பேட்ச்'னு பொதுவாத்தான் நிக்கும். பவுண்டரி கோப்பைத் திறந்து சுவரை 'வால்'னு கையால மாத்தணும்.

ஓப்பன்ஃபோமோட சோதனைக் கருவி செக்மெஷ் 'மெஷ் ஓகே'ன்னு சொன்னா போதும்னு இன்னொரு கூட்டம். நான்-ஆர்த்தகனாலிட்டி (செல்லுங்க ஒண்ணுக்கொண்ணு சாஞ்சு நிக்கிற கோணம்) 70 டிகிரி தாண்டுச்சா, ஸ்க்யூனஸ் (செல்லோட கோணல்) 4 தாண்டுச்சாங்கிற மாதிரி மெஷ்ஷோட அமைப்பைத்தான் அது பார்க்குது. கணவாயில காத்து சரியா திரும்புதான்னு அது பார்க்காது.

கடைசியா கிரிட் இன்டிபென்டன்ஸ், அதாவது மெஷ்ஷை நுணுக்கினாலும் விடை மாறலைன்னு காட்டுறது. நாலு சாஃப்ட்வேரு மாத்தினவன் மெஷ் அளவை மட்டும் மாத்த மாட்டான். 10 லட்சம், 10.5 லட்சம், 11 லட்சம்னு மூணு மெஷ் காட்டி "விடை மாறவே இல்ல சார்" என்பான். செல் எண்ணிக்கையை 5 சதவீதம் கூட்டினா பக்கம் ஒண்ணுக்கு 1.6 சதவீதம்தான் சுருங்குது, பின்ன எப்படி மாறும்? பக்க அளவு 1.3 மடங்காவது மாறணும்; முப்பரிமாணத்துல எண்ணிக்கை 2.2 மடங்கு. 10 லட்சம், 22 லட்சம், 48 லட்சம். அதைக் கொண்டு வா, பொறவு சாஃப்ட்வேர் பேசுவோம்.