கப்ரிவியில மனுஷங்களும் இருக்காங்க சார்

ஆப்பிரிக்காவுல நமீபியாவோட வடகிழக்கு மூலையில வால் மாதிரி நீளுற கப்ரிவித் துண்டைக் கிண்டலடிச்சு ஒருத்தர் போட்ட அந்த வீடியோவை நானும் பார்த்துட்டேன், இனிமே யாரும் இன்பாக்ஸ்ல அனுப்ப வேண்டாம். "நமீபியாவுக்கு எதுக்குடா இந்த வாலு?"ன்னு சிரிச்சது சரி. ஜாம்பேசி ஆத்துல படகு விட்டு இந்து மகா சமுத்திரத்துக்கே போயிடலாம்னு 1890-ல, அப்போ நமீபியாவை ஆண்ட ஜெர்மனி பிரிட்டன்கிட்ட பேரம் பேசி இந்தத் துண்டை வாங்குச்சு. வழியில விக்டோரியா அருவி நிக்குது. காமெடிதான், ஒத்துக்குறேன். ஆனா "அங்க யானையைத் தவிர யாரும் கிடையாது"ன்னு சொன்னார் பாருங்க, அங்கதான் எனக்கு எரிஞ்சுது.

ஆளுங்க இருக்காங்க சார். கப்ரிவி வழியா போற பி8 நெடுஞ்சாலையில யானைப் படம் போட்ட போர்டுகிட்ட செல்ஃபி எடுத்துட்டு அப்படியே பறந்தா கண்ணுல படமாட்டாங்க, அவ்வளவுதான். அங்க இருக்குற காத்திமா முலிலோ ஒரு பிராந்தியத்தோட தலைநகரம். அங்கிருந்து நாட்டுத் தலைநகர் விண்ட்ஹூக் சுமார் 1200 கிலோமீட்டர். ஜாம்பேசி ஆத்துக்கு அந்தப் பக்கம் ஜாம்பியா நாடு, அங்க போக பாலம் வந்ததே 2004-லதான்.

வேலை விஷயமா இம்பலிலா தீவுக்குப் போனேன். தீவு நமீபியாவுடையது. ஆனா காத்திமாவுல இருந்து ரோட்டு வழியா போனா, ங்கோமா எல்லைச் சாவடியில பாஸ்போர்ட் காட்டி போட்ஸ்வானாவுக்குள்ள நுழையணும், இறங்கி கோமாரி மருந்து ஊறின பாய்ல செருப்பைத் தேய்க்கணும், அந்த நாட்டு ஊரான காசானே போய் வெளியேற மறுபடி முத்திரை, அப்புறம் படகு. கூட வந்த அம்மா மடியில மாவு மூட்டையோட சொந்த வீட்டுக்குப் போறாங்க. சொந்த வீட்டுக்கு, வெளிநாடு வழியா! அவங்களும் யானைக் கணக்குலதான் வருவாங்க போல.

ஜாம்பேசி பொங்கினா கிழக்குச் சமவெளி பூரா தண்ணி. பள்ளிக்கூடத்தையே மேட்டுக்கு மாத்திக் கூடாரத்துல நடத்துவாங்க. யானைக்குட்டிங்களுக்கா பாடம்?

"சும்மா ஜாலிக்குப் போட்ட வீடியோ"ன்னு கமெண்ட்ல ஒரு தம்பி. ஜாலிதான் தம்பி. 1999 ஆகஸ்ட் 2 கப்ரிவியைத் தனி நாடாக்கணும்னு பிரிவினைக்காரங்க காத்திமாவுல தாக்குதல் நடத்தினாங்க. அவசரநிலை, நூறு பேருக்கு மேல தேசத்துரோக வழக்கு. பிரதான வழக்குல தீர்ப்பு வர 2015 ஆச்சு, அதுக்குள்ள சிலர் காவல்லயே செத்தாங்க. 2013-ல அந்தப் பிராந்தியத்தோட கப்ரிவிங்கிற பேரை எடுத்து ஜாம்பேசின்னு வச்சாங்க; அதுக்கும் அங்கேயே பலருக்குக் கோவம்.

"அப்போ நீ பிரிவினைக்கு ஆதரவா?" இல்லப்பா. எனக்கு அங்க ஓட்டே கிடையாது. அங்க சாகுறதும் மனுஷங்கதான்னு சொல்றேன். 2020 நவம்பர்ல எல்லையில ஓடுற சோபே ஆத்துல நாலு பேரை போட்ஸ்வானா ராணுவம் சுட்டுக் கொன்னுச்சு. மூணு பேர் அண்ணன் தம்பிங்க. திருட்டு வேட்டைன்னு அந்தப் பக்கம் சொல்றாங்க, மீன் பிடிக்கப் போனவங்கன்னு குடும்பம் சொல்லுது. எதுவா இருந்தாலும் செத்தது மனுஷங்க.

"நீ என்ன நமீபியா தூதரா?"ன்னு கேட்டிருக்கார் என் பழைய நண்பர், அதுவும் சிரிப்பு பொம்மை போட்டு. இல்லை நண்பா. அங்க சம்பளம் வாங்கிச் சோறு தின்னவன். இவ்வளவு வருஷப் பழக்கத்துல நீயாவது "அப்படியா, அங்க யார் இருக்காங்க?"ன்னு கேப்பேன்னு நினைச்சேன். அடுத்த சிரிப்பு பொம்மைக்கு பிளாக்தான்.