நகல் துப்பாக்கியும் உப்புமா ரவையும்

பழைய பாணி ரிவால்வர் சுடுவது என் பொழுதுபோக்கு என்று தெரிந்ததும் நம்மவர்கள் கேட்கிற முதல் கேள்வி: "ஒரிஜினலா, டூப்ளிகேட்டா?" டூப்ளிகேட் என்றதும் முகம் சப்பென்று போய்விடும். கவரிங் நகையைப் பார்க்கிற மாதிரி ஒரு பார்வை. இங்கிலாந்துக்கு வந்து இருபது வருடம், சுட ஆரம்பித்து ஏழு வருடம். இந்தப் பார்வைக்குப் பதில் சொல்லியே அலுத்துவிட்டது. அதனால் மொத்தமாக இங்கே எழுதிவிடுகிறேன்.

என்னிடம் இருப்பவை இரண்டு நகல் ரிவால்வர்கள். ஒன்று 1851 கோல்ட் நேவி. இன்னொன்று ரெமிங்டன் நியூ மாடல் ஆர்மி; காப்புரிமைத் தேதியை வைத்து எல்லோரும் 1858 என்பார்கள். இரண்டுமே இத்தாலியில் பிரெசியாவுக்கு வடக்கே கார்தோனே வால் த்ரோம்பியாவில் செய்தவை. பெரெட்டா குடும்பம் 1526-லிருந்தே துப்பாக்கிக் குழல் செய்துவரும் ஊர். 1950-களின் கடைசியில் அமெரிக்க உள்நாட்டுப் போரின் நூற்றாண்டு நெருங்கியபோது, அந்தக் காலத்து ரிவால்வரைச் சுட்டுப் பார்க்க ஆசைப்பட்டவர்களுக்காக அந்தப் பள்ளத்தாக்குப் பட்டறைகள் நகல் செய்ய ஆரம்பித்தன.

அப்புறம் சட்டம். 1996 மார்ச்சில் ஸ்காட்லாந்தின் டன்பிளேன் பள்ளியில் 16 குழந்தைகளும் ஒரு ஆசிரியையும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அடுத்த வருடமே, வட அயர்லாந்து நீங்கலாக, பிரிட்டனில் கைத்துப்பாக்கிகளுக்கு ஏறக்குறைய முழுத் தடை வந்தது. தடை சரிதான் என்பது என் கட்சி. கிளப்பில் பாதிப் பேர் இதற்காகவே என்னை முறைப்பார்கள், முறைக்கட்டும். தடைக்குத் தப்பியவற்றில் ஒன்று, தோட்டா போடாமல் முன்பக்கமாக மருந்து கெட்டிக்கும் ரகம். அதற்கும் போலீஸ் லைசென்ஸ், இரண்டு பேர் சிபாரிசு, வீட்டுக்கு வந்து பார்வை, சுவரில் இறுக்கிய இரும்புப் பெட்டி எல்லாம் உண்டு. கருமருந்து வைத்திருக்கத் தனியாக வெடிபொருள் சான்றிதழ். அதை அறை அறையாகத் தடுத்த மரப்பெட்டியில்தான் வைக்க வேண்டும்.

இதில் ஒரு வேடிக்கை. நேவி ரிவால்வரை உருவாக்கிய அமெரிக்கர் சாமுவேல் கோல்ட் 1853-ல் லண்டன் பிம்லிகோவில், தேம்ஸ் கரையிலேயே தொழிற்சாலை போட்டார். நாலைந்து வருடத்தில் மூடியும் விட்டார். அங்கே செய்த அசல் நேவி ஒன்றைப் பல ஆயிரம் பவுண்டு கொடுத்து வாங்கி வெறும் அலங்காரமாக வைத்திருந்தால் லைசென்ஸே வேண்டாம். சுடப் போகிறேன் என்றால்தான் வேண்டும். என் இத்தாலிக்காரனுக்கோ சுட்டாலும் வேண்டும், சும்மா வைத்திருந்தாலும் வேண்டும். சட்டத்தின் கண்ணில் சந்தேகமே இல்லாமல் துப்பாக்கி எது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

சுடுவது எப்படி என்று கேட்டால், முக்கால்வாசி நேரம் சுடுவதே இல்லை. ரெமிங்டன் உருளையில் ஆறு அறை. ஒவ்வொன்றிலும் 15 கிரெயின் மருந்து, அதாவது ஒரு கிராமுக்குச் சற்றுக் குறைவு. மருந்து இவ்வளவு குறைவாக இருந்தால் குண்டு அறைக்குள் ஆழமாக இறங்கி, குறி கெடும். இடைவெளியை நிரப்ப இங்கே எல்லோரும் போடுவது செமோலினா. ஆமாம், நம் ரவையேதான். துப்பாக்கியில் போகிற சின்ன ஈயக்குண்டுக்கும் தமிழில் ரவை என்றுதானே பேர்? இதைக் கிளப்பில் ஒரு பெரியவருக்கு விளக்கப் போய் அரை மணி நேரம் ஆனது. ரவைக்கு மேல் ஈயக்குண்டு. குழலுக்கு அடியில் இருக்கிற நெம்பை இழுத்துக் குண்டை அழுத்தினால் குண்டின் ஓரம் சீவி, மெல்லிய ஈய வளையம் ஒன்று உதிரும். வளையம் முழுசாக வந்தால் அறை நன்றாக அடைபட்டது என்று அர்த்தம். மேலே தேன்மெழுகு கலந்த கொழுப்பு. கடைசியாக, ஒவ்வொரு அறைக்கும் பின்னால் இருக்கிற நிப்பிள் என்ற சின்னக் குழாய் முனையில் கேப்பு, அதாவது அடித்தால் பொறி கிளப்பி மருந்தைப் பற்றவைக்கும் சின்ன மூடி.

எங்கள் ஊர்க் கொடையில் வேட்டுப் போடுகிற அண்ணாச்சி, இரும்புக் குழாயில் மருந்தைக் கொட்டிக் கெட்டிக்கும்போது யாரோடும் பேச மாட்டார். ஏன் என்று இப்போதுதான் புரிகிறது.

கோல்ட்டின் கதை வேறு. அதற்கு உருளைக்கு மேலே ஓடுகிற இரும்புப் பட்டை கிடையாது. உருளையின் நடுவே ஓடுகிற அச்சில் சின்ன ஆப்பு ஒன்றை அடித்துத்தான் குழலை நிறுத்தியிருக்கிறார்கள். சில நகல்களில் அந்த அச்சு மயிரிழை குட்டை. ஆப்பை அழுத்தி அடித்தால் உருளை சுற்றாது, தளர விட்டால் குழல் ஆடும். இரண்டு மாதம் என் உயிரை வாங்கியது. கடைசியில் ஒரு வாஷரை இழைத்து உள்ளே போட்டதும் சரியாயிற்று. குறிபார்க்கும் பள்ளம் குதிரையின், அதாவது கேப்பை அடிக்கிற சுத்தியலின், தலையில்தான். 25 மீட்டரில் ஒரு சாண் மேலேதான் அடிக்கும். வெடித்த கேப்பு உடைந்து உள்ளே விழுந்தால் எல்லாம் நின்றுவிடும். இத்தனையும் எனக்குத் தெரிந்தது நகலைச் சுட்டதால். 170 வருட இரும்பில் இந்தச் சோதனையெல்லாம் செய்ய எனக்கு மனசு வராது. அசலையே சுடுகிறவர்கள் இருக்கிறார்கள். பன்னாட்டுப் போட்டிகளில் அசலுக்கும் நகலுக்கும் தனித்தனிப் பிரிவே உண்டு. அவர்கள் கை நிதானம் வேறு.

எனக்கு ஆகாதது ஒன்றே ஒன்று: நகலை அசலாக வேஷம் கட்டுவது. இத்தாலிய முத்திரையை அராவி எடுத்து, துருவேற்றி, "பார், அப்படியே 1861" என்று பெருமைப்படுகிறார்கள். நாடகத்துக்காகச் செய்கிறோம் என்பார்கள். அது கைமாறிக் கைமாறி எங்கே போகும்?

எங்கே போகும் என்பதை நானே பார்த்தேன். மூன்று வருடம் முன்பு ஒரு பழம்பொருள் சந்தையில் ஒரு நேவி. குழல் மேல் "அட்ரஸ் கர்னல் கோல்ட் லண்டன்" என்று பொறித்திருந்தது. நான் கிட்டத்தட்ட பணத்தை எடுத்துவிட்டேன். கூட வந்த கிளப் பெரியவர் லென்ஸை எடுத்து நெம்புக்கு அடியில் பார்த்தார். அராவின தடம், அதன் ஓரத்தில் ஒரு நட்சத்திரத்தின் ஒற்றை முனை. இத்தாலியில் கருமருந்து நகலுக்குக் குத்துகிற முத்திரை, நட்சத்திரமும் அதன்கீழ் 'பிஎன்' (PN) என்ற எழுத்தும். வாங்கியிருந்தால் காசும் போய், லைசென்ஸ் இல்லாத துப்பாக்கி வைத்திருந்த குற்றமும் என் தலையில். கடைக்காரரிடம் காட்டினோம். "அப்படியா? எனக்கு அப்படித்தான் சொல்லி விற்றார்கள்" என்றார். உண்மையாகவும் இருக்கலாம்.

அடுத்த வருடம் போனபோதும் அது அதே மேசையில் இருந்தது. விலை மட்டும் கொஞ்சம் ஏறியிருந்தது.