கைப்பேசி வருவதற்கு முன்பே போன ஆட்டங்கள்

"இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு விளையாடவே தெரியவில்லை, எல்லாம் கைப்பேசியால் வந்த வினை" என்று யார் சொன்னாலும் எனக்குக் கோபம் வருகிறது. மலேசியத் தோட்டங்களில் நாங்கள் ஆடிய ஆட்டங்களைக் கைப்பேசி அழிக்கவில்லை. அது எங்கள் கைக்கு வருவதற்கு வெகுநாள் முன்பே, தோட்டத் தொழிலாளர்கள் வரிசை வீடுகளாகக் குடியிருந்த லயம் போனது, லயத்து வாசல் போனது, கூடவே ஆட்டமும் போனது.

ரப்பர் கொட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். வெயில் ஏறினால் மரத்து உச்சியில் காய் படாரென்று வெடிக்கும். ஒரு காயில் மூன்று கொட்டை. சத்தம் வந்த திசையில் ஓடிப் பொறுக்கிக் காற்சட்டைப் பையை நிரப்புவோம். இரண்டு கொட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஓங்கிக் குத்தினால், எவன் கொட்டை உடையவில்லையோ அவன் அன்றைக்கு ராஜா. சிமெண்டுத் தரையில் பரபரவென்று தேய்த்துப் பக்கத்தில் இருப்பவன் தொடையில் வைத்தால் லயமே கேட்க அலறுவான். இது கப்பலில் மூட்டை கட்டிக் கொண்டுவந்த ஆட்டம் அல்ல. வந்து சேர்ந்த மண்ணில், பிழைப்புத் தந்த மரத்தடியிலேயே பிறந்தது.

கொண்டுவந்தவையும் இருந்தன. இங்கே தோட்ட வேலைக்கு ஆள் அனுப்புவதை இந்திய அரசு 1938-இல் தடை செய்தது. அதற்குப் பிறகு இங்கே பிறந்த என் அம்மா ஊரைப் பார்த்ததே இல்லை. ஆனால் பல்லாங்குழியில் ஒரு குழியில் நான்கு சேர்ந்ததும் "பசு!" என்று கூவி அள்ளத் தெரியும். பலகை ஏது? வாசல் மண்ணில் பக்கத்துக்கு ஏழு குழி தோண்டினால் போதும். மலாய்க்காரப் பெண்களின் சொங்காக்கிலும் பக்கத்துக்கு ஏழு குழிதான். இரு முனையிலும் சேமிப்புக்கென்று ஆளுக்கொரு பெரிய குழி கூடுதலாக இருக்கும். நம் அஞ்சாங்கல்லை அவர்கள் 'பத்து செரம்பான்' என்பார்கள்; மலாயில் 'பத்து' என்றால் கல். மொழி தடுமாறிய இடத்திலும் கை தடுமாறியதில்லை.

மழை நாளை மட்டும் மறக்க முடியாது. மரம் நனைந்துவிட்டால் பால் வெட்ட முடியாது, அன்றைய வருமானம் போய்விடும். அந்தக் கவலையோடுதான் பெரியவர்கள் கரித்துண்டால் கட்டம் கிழித்துத் தாயம் உருட்டினார்கள். பெரியவர்களோடு சேர்ந்து உட்கார்ந்து ஆட எங்களுக்குக் கிடைத்ததும் அந்த நாள்களில்தான்.

பிறகு ரப்பரை வெட்டி, எண்ணெய் எடுக்கும் செம்பனையை நட்டார்கள். பல தோட்டங்கள் வீடமைப்புக்கு விலைபோயின. எங்களுக்குக் கிடைத்தது அடுக்குமாடியில் ஒரு வீடு. அந்தச் சிமெண்டில் குழி தோண்ட முடியுமா? மின்தூக்கிக்கு முன்னால் கிட்டிப்புள் அடிக்க முடியுமா?

பள்ளிகளில் ஆண்டுக்கொரு நாள் பாரம்பரிய விளையாட்டு நடத்தும் ஆசிரியர்களை மனமார மதிக்கிறேன். ஆனால் ஆண்டுக்கொரு நாள் போதாது. அடுக்குமாடிகளுக்குக் கீழே வாகனம் நிறுத்தாத, சிமெண்டு பூசாத ஒரு துண்டு மண்தரையை நாம் கேட்டு வாங்க வேண்டும். கோயில் நிர்வாகங்கள் மனம் வைத்தால் கோயில் வளாகத்திலேயே இதைத் தொடங்கலாம்.

இந்த வாரம் அம்மாவை உட்கார வைத்து, பல்லாங்குழி விதிகளையும் அவர் சொல்லும் சொற்களையும் ஒலிப்பதிவு செய்யத் தொடங்கியிருக்கிறேன். உங்கள் தோட்டத்தில் நான்கு சேர்ந்தால் என்ன சொல்லி அள்ளினார்கள்? வீட்டுப் பெரியவர்களைக் கேட்டு, தோட்டத்தின் பெயரோடு இங்கே எழுதுங்கள்.