அந்தப் பையன் செய்ததில் என்ன தப்பு?

நேற்று பேருந்து நிறுத்தத்தில் நடந்ததைப் பற்றி நம் தெருக் குழுவில் வந்ததையெல்லாம் படித்தேன். இரவு தூக்கமே வரவில்லை.

வலிப்பு வந்தவர் கையில் சாவிக்கொத்தைத் திணித்தவர் ஐம்பது வயதுக்காரர். அதை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, அவரை ஒருக்களித்துப் படுக்கவைத்து, தலை தரையில் மோதாமல் தன் பள்ளிப் பையை வைத்து, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவன் பதினொன்றாம் வகுப்புப் பையன். ஐந்து நிமிடம் தாண்டினால் 108-ஐ அழைக்க வேண்டும் என்பது வரை அவனுக்குத் தெரிந்திருக்கிறது. இரும்பு வலிப்பை நிறுத்தாது. பெரும்பாலும் வலிப்பு சில நிமிடங்களில் தானாக அடங்கிவிடும், பெயர் சாவிக்குப் போய்விடும். அவனுக்குக் கிடைத்தது 'திமிர் பிடித்தவன்' என்ற பட்டம்.

பதின்ம வயதுப் பிள்ளைகளுக்குப் பள்ளியிலேயே வருடத்தில் ஒரு நாள் முதலுதவி கற்றுக்கொடுங்கள் என்று நான் ஓயாமல் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அப்பா கூடத்தில் சாய்ந்தபோது நான் பிளஸ் டூ. முகத்தில் தண்ணீர் தெளித்தோம், விசிறினோம். நான் சோடா வாங்க ஓடினேன். இதயம் நின்றால் நான்கைந்து நிமிடத்தில் மூளை பாதிக்கத் தொடங்கும் என்று எங்களில் யாருக்கும் தெரியாது. மார்பின் நடுவில், நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, இரண்டு அங்குல ஆழத்துக்கு அழுத்த வேண்டும். அவ்வளவுதான். அதைக் கற்றுக்கொண்டபோது எனக்கு முப்பது வயதாகிவிட்டது. அழுத்தியிருந்தால் பிழைத்திருப்பாரா, தெரியாது. ஆனால் அவரை விட்டுவிட்டுக் கடைக்கு ஓடியிருக்க மாட்டேன்.

படிப்பு கெடும் என்கிறீர்கள். வருடத்தில் ஒரு நாளில் எந்தப் படிப்பு கெடும்? நார்வே 1961-லேயே இதைப் பள்ளியில் கட்டாயமாக்கிவிட்டது. வழக்கு வரும் என்கிறீர்கள். விபத்தில் அடிபட்டவருக்கு நல்லெண்ணத்தோடு உதவுபவரைக் காக்க, 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தில் 134ஏ என்று தனிப் பிரிவே இருக்கிறது. சின்னக் கைகளுக்குப் பலம் போதாது என்பதில் மட்டும் கொஞ்சம் நியாயம் உண்டு. பத்து வயதுப் பிள்ளையால் அந்த ஆழத்துக்கு அழுத்துவது கஷ்டம். அதனால்தான் ஒன்பதாம் வகுப்பிலிருந்து என்கிறேன். பத்து வயதுப் பிள்ளைகூட 108-க்கு அழைத்துச் சரியான முகவரி சொல்லலாமே!

சரி, அங்கே நின்ற பெரியவர்கள் என்ன செய்தார்கள்? நாலு பேர் கைப்பேசியில் படம் பிடித்தார்கள். அவர்களைப் பற்றிக் குழுவில் ஒரு வார்த்தை இல்லை. நாற்பது பேர் சேர்ந்து ஒரு பதினாறு வயதுப் பையனைத்தான் விசாரித்தீர்கள்.

அவன் அம்மா நேற்று இரவு பத்து மணிக்கு எனக்குப் போன் செய்தார். "அண்ணா, இவன் ஏதாவது தப்புப் பண்ணிட்டானா?" என்று கேட்டார். அழுதிருக்கிறார், குரலிலேயே தெரிந்தது.